நுவரெலியாவில் நீச்சல் தடாக ஹீட்டர்: எரிவாயு ஏன் போதவில்லை?

ஜனவரி 6, கேள்வி (நுவரெலியாவில் விடுதி நடத்தும் வாசகர்)

அண்ணன், எங்கள் விடுதியில் திறந்தவெளி நீச்சல் தடாகம் ஒன்று இருக்கிறது. பத்து மீற்றர் நீளம், ஐந்து மீற்றர் அகலம், சராசரி ஆழம் 1.4 மீற்றர். வெளிநாட்டில் கழற்றியெடுத்த ஹீட்டர் ஒன்றை வாங்கிப் பூட்டினோம். தகட்டில் இயற்கை எரிவாயு, 400,000 பீ.ரீ.யூ. என்று இருக்கிறது. 37.5 கிலோ சிலிண்டர் இரண்டை இணைத்திருக்கிறோம். பற்றவைத்தால் எரிகிறது. அரை மணி நேரத்தில் சுவாலை சுருங்கி அணைந்துவிடுகிறது. சிலிண்டரை அசைத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் இருக்கிறது. ஹீட்டரை விற்றவர் எரிவாயுதான் மோசம் என்கிறார். சிலிண்டர் கொண்டுவருபவர் ஹீட்டர்தான் பழசு என்கிறார். யாரை நம்புவது?

ஜனவரி 6, இரவு, பதில்

இரண்டு பேரும் தங்கள் பொருளைக் காப்பாற்றுகிறார்கள், தம்பி. இப்போதைக்கு அதைப் பற்றவைக்காதீர்கள்.

தகட்டில் இயற்கை எரிவாயு என்று இருப்பதுதான் எனக்கு முதல் கவலை. இந்த நாட்டில் எந்த விடுதிக்கும் அது குழாய் வழியாக வருவதில்லை. மன்னார் கடற்படுகையில் 2011இல் கண்டுபிடித்தார்கள். அது இன்னும் கடலுக்கு அடியில்தான் இருக்கிறது. நமக்குச் சிலிண்டரில் வருவது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவப் பெற்றோலிய எரிவாயு. இயற்கை எரிவாயு பெரும்பாலும் மெதேன். பர்னர் துளையின் அளவு, வால்வின் அமுக்கம் எல்லாம் இரண்டுக்கும் வேறு வேறு. துளை மாற்றப்பட்டதா என்று விற்றவரிடம் கேளுங்கள். "எந்த எரிவாயுவும் ஓடும்" என்று பதில் வந்தால் மாற்றவில்லை என்று அர்த்தம்.

ரெகுலேட்டர் எது? சிலிண்டர் எங்கே இருக்கிறது, ஹீட்டர் எங்கே இருக்கிறது, இடையில் என்ன குழாய்? படம் இருந்தால் போடுங்கள்.

ஜனவரி 7

படம் பார்த்தேன். சமையலறை அடுப்புக்குப் பூட்டும் ரெகுலேட்டரைப் பூட்டியிருக்கிறார்கள். குழாய் அரை அங்குலம், சமையலறைச் சுவரோரமாகப் போய், முற்றத்தைச் சுற்றி, இருபத்தைந்து மீற்றருக்குக் குறையாமல் ஓடுகிறது. போகும் வழியில் சமையலறை அடுப்புக்கும் ஒரு கிளை.

கணக்குப் போடுவோம். பீ.ரீ.யூ. என்பது வெப்பத்தை அளக்கும் ஆங்கில அலகு. மணிக்கு 400,000 பீ.ரீ.யூ. என்றால் ஏறத்தாழ 117 கிலோவாட். நம் எரிவாயு ஒரு கிலோவில் ஏறத்தாழ 13 கிலோவாட் மணி வெப்பம் இருக்கிறது. ஆகவே இந்த ஹீட்டர் முழு வேகத்தில் எரிந்தால் மணிக்கு 9 கிலோ கேட்கும். வீட்டு ரெகுலேட்டரின் உடலிலேயே மணிக்கு எத்தனை கிலோ விடும் என்று பொறித்திருக்கும், வெயிலில் பிடித்துப் பாருங்கள். வழக்கமாக ஒன்றரை, இரண்டு. ஒன்பது கேட்கிற இடத்தில் இரண்டு. இங்கேயே பாதிக் கதை முடிந்துவிட்டது.

ஜனவரி 7, சற்று நேரம் கழித்து

கீழே கருத்துப் பகுதியில் ஒருவர் சிலிண்டர் மீது கொதிநீர் ஊற்றச் சொல்லியிருக்கிறார். இன்னொருவர் சிலிண்டரைப் படுக்க வைக்கச் சொல்லியிருக்கிறார். இரண்டையும் செய்யாதீர்கள். படுக்க வைத்தால் வாயுவுக்குப் பதில் திரவம் குழாயில் போகும்; அந்தத் திரவம் பர்னரில் விரிந்தால் சுவாலை ஹீட்டருக்கு வெளியே வரும். மூன்றாமவர் அடியில் விறகு நெருப்பு வைப்பது பற்றி எழுதியிருக்கிறார். நகைச்சுவைக்காக எழுதியதாக நினைத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 10

தலவாக்கலையில் ஒரு வேலை இருந்தது. முடித்துவிட்டு மேலே ஏறி இவருடைய விடுதியைப் பார்த்துவிட்டு வந்தேன். நானும் நின்று பார்க்கும்போது கொஞ்ச நேரம் மட்டும் எரியவிட்டோம், பம்ப் அறைக் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்து.

காலை நேரம், வெளியே பத்துப் பாகையைத் தாண்டியிருக்காது. சிலிண்டர்களில் முந்தைய நாட்களின் ஈரம் காயவில்லை. ஹீட்டர் பற்றிக் கொஞ்ச நேரத்தில் அடிப்பக்கம் வியர்த்தது. பிறகு வெள்ளையாகப் பனி படிந்தது. மேல் விளிம்பு கோடு போட்டது போல ஒரே உயரத்தில் நின்றது. அந்தக் கோடுதான் உள்ளே இருக்கும் திரவத்தின் மட்டம். அதற்கு மேலே இரும்பு ஈரமாக மட்டும் இருந்தது. விரல் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிகிறது, கோட்டுக்குக் கீழே விரல் ஒட்டிக்கொள்ளப் பார்க்கிறது.

ஹீட்டர் வாயிலில் ஒரு கண்ணாடிக் குழாயை யூ வடிவில் வளைத்துத் தண்ணீர் விட்டுப் பொருத்தினேன். விலை உயர்ந்த மானி தேவையில்லை. இரண்டு கையிலும் உள்ள தண்ணீரின் மட்ட வித்தியாசத்தை அளவுகோலால் அளந்தால் போதும். நம் எரிவாயுவுக்கு அந்த வித்தியாசம் ஏறத்தாழ 28 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும். ஹீட்டர் அணைந்திருக்கையில் 30 காட்டியது. விடுதிக்காரத் தம்பியின் முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு. பற்றவைத்ததும் 11க்கு விழுந்தது, அங்கிருந்து மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தது. சமையலறையில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தவர் வெளியே வந்து யார் அடுப்பைக் குறைத்தது என்று கேட்டார்.

குழாயில் எதுவும் ஓடாதபோது அளந்த அமுக்கம் உங்களுக்கு ஒன்றும் சொல்லாது. எரியும்போது, அதுவும் அடுப்பும் ஹீட்டரும் சேர்ந்து எரியும்போது அளக்க வேண்டும்.

ஜனவரி 10, இரவு

எரிவாயு இருக்கிறது, ஆனால் வரவில்லை. இது எப்படி என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது வாயுவாக மாற ஒரு கிலோவுக்கு 400 கிலோஜூலுக்குக் கொஞ்சம் குறைவான வெப்பம் வேண்டும். மணிக்கு 9 கிலோ என்றால் ஏறத்தாழ ஒரு கிலோவாட். அதாவது தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்கேத்தலில் பாதிச் சக்தி இடைவிடாமல் சிலிண்டருக்குள் போக வேண்டும். யார் கொடுப்பது? வெளியே இருக்கும் காற்றுதான், இரும்புச் சுவர் வழியாக. கொழும்பில் 30 பாகைக் காற்று தாராளமாகக் கொடுக்கும். நுவரெலியாவில் ஜனவரி அதிகாலையில் புல்லில் உறைபனி விழும் ஊரில் காற்றிடம் கொடுக்க என்ன இருக்கிறது? திரவம் தன் சொந்தச் சூட்டையே செலவழித்துக் குளிர்கிறது, அமுக்கம் விழுகிறது, பனி படிகிறது. படிந்த பனி வெப்பம் உள்ளே போவதை இன்னும் தடுக்கிறது.

போதாக்குறைக்குக் கலவை. புரொப்பேன் கழித்தல் 42 பாகையில் கொதிக்கும். பியூட்டேன் கழித்தல் அரைப் பாகையில்தான். கலவையில் புரொப்பேன் முந்திக்கொண்டு வெளியேறும், மிச்சத்தில் பியூட்டேன் பங்கு கூடிக்கொண்டே போகும். அதனால்தான் பாதி தீர்ந்த சிலிண்டர் புதுச் சிலிண்டரை விட மந்தமாக இருக்கிறது. கலவை பற்றி நம்மவர்களுக்கு 2021 கடைசியில், வீடுகளில் எரிவாயு வெடிப்புகள் நடந்தபோது, நன்றாகவே பாடம் எடுத்தார்கள், நாடெங்கும் அதே பேச்சாக இருந்தது. இங்கே யாரும் கலப்படம் செய்யவில்லை. பௌதிகம் தன் வேலையைச் செய்கிறது.

இங்குள்ள குளிரில் 37.5 கிலோ சிலிண்டர் ஒன்று நாள் முழுவதும் தொடர்ந்து தரக்கூடியது மணிக்கு ஒரு கிலோ என்று வைத்துத்தான் நான் கணக்குப் போடுவது. இரண்டு சிலிண்டர், இரண்டு கிலோ. வீட்டு ரெகுலேட்டரை மாற்றினாலும் இந்த இடத்தில் வந்து மாட்டிக்கொள்வார்கள்.

ஜனவரி 11

உயரத்தைச் சொல்ல விட்டுப்போனது. நுவரெலியா 1,868 மீற்றர், அடியில் சொன்னால் 6,100க்கு மேல். காற்று மெலிது. எரிவாயுக் கருவிகளுக்கு அமெரிக்காவில் கடைப்பிடிக்கும் விதி, கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 அடிக்கும் 4 சதவீதம் கழிப்பது (2,000 அடிக்கு மேலே இருந்தால்). இவருக்கு ஏறத்தாழ கால் பங்கு போய்விடும். பண்டாரவளையில் ஆறில் ஒரு பங்கு. அதற்கேற்பத் துளையைச் சிறிதாக்காவிட்டால் எரிவாயு அதிகமாகவும் காற்றுக் குறைவாகவும் எரிந்து கரி பிடிக்கும், காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு உண்டாகும். அதற்கு மணம் கிடையாது.

ஆகவே 9 கிலோ இல்லை, 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். விடுதிக்காரருக்கு இது கெட்ட செய்தி, எனக்கு நல்ல செய்தி: கணக்குச் சுலபமாகிவிட்டது.

ஜனவரி 13

இரவு படுத்தபின் ஒரு யோசனை வந்தது, காலையில் முதல் வேலையாக அவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். இங்கேயும் எழுதிவைக்கிறேன், ஏனென்றால் இந்த இழை முழுவதிலும் ஆபத்தான இடம் இதுதான்.

பர்னர் துளை இன்னும் இயற்கை எரிவாயுவுக்கானது. பெரிய துளை. ஒரே துளை, ஒரே அமுக்கம் என்றால் நம் எரிவாயு ஒன்றரை மடங்குக்கும் மேலே வெப்பம் தரும். அப்படியானால் இவருடைய ஹீட்டர் இதுவரை ஏன் உருகவில்லை? எரிவாயு போதாமல் பட்டினி கிடந்ததால். ஒரு குறை இன்னொரு குறையை மூடி வைத்திருக்கிறது. நாங்கள் நல்ல ரெகுலேட்டரும் நிறையச் சிலிண்டரும் பூட்டிவிட்டுத் துளையை மறந்தோமானால் அன்றைக்குத்தான் வெப்பமாற்றிக் குழாய் போகும், புகைபோக்கி சிவக்கும்.

ஆகவே முதலில் துளையும் வால்வின் ஸ்பிரிங்கும். இவை அடங்கிய, அதே மாதிரி ஹீட்டருக்கான மாற்றுத்தொகுதியைத் தகட்டு இலக்கம் சொல்லி வரவழைக்க வேண்டும். உயரத்தையும் சொல்ல வேண்டும். உள்ளூரில் துளையை அடைத்துத் துரப்பணம் போட்டுத் தருகிறேன் என்று ஒரு பாஸ் (கைவேலைக்காரர்) முன்வந்திருக்கிறாராம். கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். அதற்குப் பிறகுதான் சிலிண்டர் பக்கம் வேலை.

ஜனவரி 16

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்து, ஒரு நாள் பிந்தி.

டொரன்டோவில் இருக்கும் என் பெரியம்மா மகன் வாழ்த்துச் சொல்ல அழைத்தவன் இதைப் படித்துவிட்டுச் சிரித்தான். "அண்ணன், எங்களுக்குக் குழாயில் வருகிறதே, எங்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை" என்று தொடங்கினான். அங்கே உள்ள பிரச்சினையைக் கேட்டால் அச்சு அசல் இதுதான், வேறு சட்டை போட்டிருக்கிறது. 400,000 பீ.ரீ.யூ. ஹீட்டருக்கு இயற்கை எரிவாயு மணிக்குப் பதினொரு கன மீற்றர் போல வேண்டும். வீட்டு எரிவாயு மானி வீடு சூடாக்கும் உலை, தண்ணீர்ச் சூடாக்கி, அடுப்பு ஆகியவற்றுக்கு அளவெடுத்து வைத்தது. தடாகம் பிறகு வருகிறது. அவனுடைய பக்கத்து வீட்டில் ஹீட்டர் பற்றியதும் உலை அணைந்திருக்கிறது. எரிவாயு நிறுவனத்துக்குச் சொல்லிப் பெரிய மானி போட்டு, தோட்டத்துக்குப் போகும் குழாயையும் பெருப்பித்திருக்கிறார்கள். அங்கே ஹீட்டர் வாயிலில் கேட்கும் அமுக்கம் தண்ணீரில் 18 சென்ரிமீற்றர் அளவு. நம்முடைய 28ஐ விடக் குறைவு. குறைந்த அமுக்கத்தில் அதிகக் கன அளவு போக வேண்டும் என்பதால் குழாயின் பருமன் அங்கே இன்னும் முக்கியம்.

வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளின் தேவையையும் கூட்டி, ஆகத் தூரத்தில் இருக்கும் கருவி வரை குழாயின் நீளத்தை அளந்து, அதற்குப் பிறகு பருமனைத் தீர்மானிக்க வேண்டும். நம்மூரில் கடையில் என்ன குழாய் இருக்கிறதோ அதைப் பார்த்துத் தீர்மானிக்கிறோம்.

ஜனவரி 24

மாற்றுத்தொகுதி வர நாளாகும். அதற்குள் இன்னொரு பக்கத்தைப் பார்த்தேன். எரிவாயுவை எப்படிக் கூட்டுவது என்றே எல்லோரும் எழுதிக்கொண்டிருக்கிறோம், தேவையை யாரும் பேசவில்லை.

தடாகத்தில் 70,000 லீற்றர். ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 81 கிலோவாட் மணி. ஹீட்டரின் வினைத்திறனைக் கழித்தால் ஒரு கிலோ எரிவாயு தண்ணீருக்குள் பத்துக் கிலோவாட் மணி சேர்க்கும். பதினேழிலிருந்து இருபத்தெட்டுக்குக் கொண்டுபோக 90 கிலோ. சரி, அது ஒரு தடவைச் செலவு.

அன்றாடச் செலவு மேற்பரப்பில் இருக்கிறது. ஐம்பது சதுர மீற்றர் தண்ணீர். அதில் ஒரு சென்ரிமீற்றர் ஆவியாகிப் போனால் 500 லீற்றர், அது தன்னோடு கொண்டுபோகும் வெப்பம் 335 கிலோவாட் மணி. எரிவாயுவில் 33 கிலோ. கிட்டத்தட்ட ஒரு பெரிய சிலிண்டர்! நுவரெலியாக் காற்றில், வெதுவெதுப்பான தண்ணீரை இரவு முழுவதும் திறந்து போட்டால் அந்த அளவு போவது அதிசயமில்லை. காலையில் தடாகத்தின் மேலே ஆவி எழும் அழகைப் படமெடுத்து விடுதியின் விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பணம் எரியும் படம் அது.

மிதக்கும் மூடி வாங்குங்கள், தம்பி. சிலிண்டருக்கு முன்னால் மூடி. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் யாரும் காதில் வாங்கியிருக்க மாட்டீர்கள்.

பெப்ரவரி 2

ஓய்வுபெற்ற டீ மேக்கர் (தேயிலைத் தொழிற்சாலையில் தேயிலை பதனிடலுக்குப் பொறுப்பானவர்) ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார்: தொழிற்சாலையில் கொழுந்து வாட்டவும் உலர்த்தவும் விறகில்தானே வெந்நீரும் வெப்பக்காற்றும் எடுக்கிறோம், ஒரு தடாகம் எம்மாத்திரம் என்று. ஐயா சொல்வது சரி, விறகு கொதிகலன் ஒன்றும் வெப்பமாற்றியும் வைத்தால் இந்தத் தடாகம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் விறகு போட ஆள் வேண்டும், உலர்ந்த விறகு வைக்கக் கொட்டில் வேண்டும், புகை விருந்தினர் பக்கம் போகாமல் இருக்கக் காற்று நம் பேச்சைக் கேட்க வேண்டும். தொழிற்சாலையில் இரவுச் சுற்றில் ஆள் இருப்பார். விடுதியில் இரவுக்காவலர் தூங்குவார்.

மின்சார வெப்பப் பம்பு பற்றிக் கேட்டவருக்கு: பகலில் பதினெட்டு இருபது பாகையில் ஓட்டினால் ஒரு அலகு மின்சாரத்துக்கு நான்கு அலகு வெப்பம் போல எதிர்பார்க்கலாம், குளிரக் குளிரக் குறையும். மூடியும் போட்டு, அவசரமும் இல்லையென்றால் புதிதாக வாங்குபவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். இவர் ஏற்கனவே வாங்கிவிட்டார்.

பெப்ரவரி 3

"2022இல் எரிவாயுத் தட்டுப்பாட்டில் வெற்றுச் சிலிண்டரைக் கல்லுக்குப் பதில் வரிசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போன நாட்டில் தடாகம் சூடாக்குகிறீர்களா" என்று ஒருவர் திட்டியிருக்கிறார். திட்ட வேண்டிய விடயம்தான். என் அக்கா வீட்டு லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) பாதிப் பேர் இன்றும் விறகில்தான் சமைக்கிறார்கள். ஆனால் அந்த விடுதியில் வேலை செய்பவர்கள் அதே லயங்களில் இருந்து போகிற பிள்ளைகள். தடாகம் குளிர்ந்தால் விருந்தினர் எல்லவுக்கோ பெந்தோட்டைக்கோ போய்விடுவார்கள். இதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

பெப்ரவரி 19

பூட்டியாகிவிட்டது. சுருக்கமாக.

துளைகளும் வால்வு ஸ்பிரிங்கும் உயரத்துக்கு ஏற்ற அளவில் மாற்றப்பட்டன. வீட்டு ரெகுலேட்டர் கழற்றப்பட்டது. இப்போது இரண்டு கட்டம்: சிலிண்டர் பக்கத்தில் முதல் ரெகுலேட்டர், அது குழாயில் கூடிய அமுக்கத்தில் அனுப்புகிறது, ஹீட்டர் பக்கத்தில் இரண்டாவது ரெகுலேட்டர் 28க்குக் குறைக்கிறது. கூடிய அமுக்கத்தில் போவதால் அந்த அரை அங்குலக் குழாயே போதும், இணைப்புகளை மட்டும் அமுக்கம் ஏற்றிச் சவர்க்கார நுரை பூசிச் சோதித்தோம். சமையலறைக்குத் தனிச் சிலிண்டர், தனிக் குழாய். முட்டைக்காரர் இனி யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை.

சிலிண்டர் ஆறு, ஒரே வரிசையில் எல்லாம் ஒன்றாகத் திறந்து. மேலே மணிக்கு ஒரு கிலோ என்று எழுதியிருந்தேனே, ஆறு எப்படி ஏழு கிலோ தரும் என்று கேட்பீர்கள். அது ஓயாமல் எடுக்கும்போது. சிலிண்டரின் இரும்பிலும் உள்ளே இருக்கும் திரவத்திலும் சேர்ந்திருக்கும் சூடு ஒரு கையிருப்பு. பகல் பதினொன்று முதல் இரண்டு வரை மட்டும் எரித்தால் அந்தக் கையிருப்பும் காற்றின் சூடும் சேர்ந்து கைகொடுக்கும். பிறகு மறுநாள் வரை ஓய்வு. மூன்று மணி நேரத்தில் 21 கிலோ, தடாகத்துக்கு இரண்டரைப் பாகை. மூடி போட்டிருந்தால் இரவில் இழப்பதை விட அது அதிகம்.

இரவும் பகலும் எரிக்க வேண்டும் என்பவர்களுக்கு இது போதாது. திரவமாக எடுத்து மின்சாரத்தால் ஆவியாக்கும் கருவி வேண்டும், அல்லது பெரிய தாங்கி. அதற்கு முறையான அனுமதியும் அதைத் தெரிந்த ஆளும் வேண்டும். நான் இல்லை.

அளவு: ஹீட்டர் முழு வேகத்தில், தொடக்கத்தில் 28. மூன்றாவது மணி நேர முடிவிலும் 27. சிலிண்டர்கள் வியர்த்தன, பனி படியவில்லை.

மார்ச் 8

படத்தில் சிலிண்டர்கள் ஏன் மழையில் நிற்கின்றன, பம்ப் குழிக்குள் பாதுகாப்பாக வைக்கலாமே என்று கேட்டவருக்கு: தயவுசெய்து வேண்டாம். நம் எரிவாயு காற்றை விடக் கனமானது. கசிந்தால் கீழே இறங்கித் தேங்கும். குழி, நிலவறை, வடிகால் எல்லாம் அதற்குத் தொட்டி. பம்பின் சுவிட்ச் ஒரு பொறி தட்டினால் போதும். டொரன்டோக்காரனுடைய மெதேன் இலேசானது, மேலே போய்விடும். அவர்களுடைய காணொளியைப் பார்த்து நம்மூரில் வேலை செய்யாதீர்கள். மேலே கூரை, நாலு பக்கமும் திறந்த கம்பிவலை, கீழே சீமெந்துத் தளம், பக்கத்தில் வடிகால் இல்லாத இடம். திறந்த பக்கத்தால் மழைச்சாரல் பட்டால் சிலிண்டருக்கு நல்லதுதான். பனியை விட மழைத்தண்ணீர் சூடு.

ஏப்ரல் 21

சீசன் கூட்டம் முடிந்து விடுதிக்காரர் எழுதியிருக்கிறார். ஹீட்டர் நிற்கவில்லையாம். ஆனால் மூடியை இழுத்துப் போட ஆட்களுக்குச் சோம்பல், இரண்டு இரவு போடாமல் விட்டதில் சிலிண்டர் முன்கூட்டியே தீர்ந்திருக்கிறது. சுருட்டும் உருளை ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்கிறார். முடியும். தடாகத்தின் அகலத்தைச் சரியாக அளந்து அனுப்புங்கள், தம்பி, கைப்பிடிச் சுவரை விட்டுவிட்டு.